ஐந்நூற்றைம்பது பரப்பும் ஒரு பொட்டும்

பாரிசில் எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒருவரைப் பற்றி விசாரித்தால் முதலில் அவருக்கு எங்கே வீடு என்றுதான் சொல்வார்கள். திரான்சியில் இருக்கிறார், பொண்டியில் வாங்கிவிட்டார், லா கூர்னெவ்வில் இன்னும் வாடகைதான். இராஜதுரையண்ணையைப் பற்றிக் கேட்டால் மட்டும் "ஆர், அந்தக் காட்டுக்காரரோ?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அப்படிச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. அவர் காணி வாங்கியதிலும், அந்தக் காணி அவரைப் படுத்திய பாட்டிலும் எனக்குப் பங்கு உண்டு. ஆகவே மற்றவர்கள் சொல்லி முடிக்குமுன் நானே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் மரியகொறற்றி. ஊரில் எட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். இங்கே ஒரு தொலைபேசி அட்டைக் கடையின் பின்பக்கத்தில் மேசை ஒன்று போட்டிருக்கிறேன். பிரெஞ்சில் வரும் கடிதங்களை வாசித்துச் சொல்வது, பதில் எழுதுவது, படிவம் நிரப்புவது என் தொழில். எல்லோருக்கும் நான் ரீச்சர். ஒரு வீட்டில் என்ன நடக்கிறது என்று அந்த வீட்டுக்காரிக்குத் தெரியுமுன் எனக்குத் தெரிந்துவிடும். எதைச் சொல்வது, எதை மெல்ல விழுங்குவது என்பது எனக்கு மட்டுமே தெரிந்த வித்தை என்ற பெருமை எனக்கு இருந்தது. என்னைக் கவிழ்த்தது அந்தப் பெருமைதான்.

இராஜதுரையண்ணை கார் து நோர் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல்காரர். 1987இல் வந்து கோப்பை கழுவத் தொடங்கி, மெல்ல மெல்ல அடுப்புக்கு நகர்ந்தவர். அவருடைய பிரெஞ்சு அடுப்படிப் பிரெஞ்சு. மரக்கறி, மீன், இறைச்சிப் பெயர்கள் எல்லாம் சுத்தமாக வரும், வசவுகளும் வரும். அதற்கு வெளியே போனால் தலையாட்டல்தான். மனைவி கோசலை ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டுச்சாலையில் வேலை. ஒரே மகள் சுபாங்கி. அவள் பெற்றோர் தமிழில் கேட்பதற்குப் பிரெஞ்சில் பதில் சொல்லுகிற சாதி.

அவருடைய சட்டைப்பையில் எப்போதும் நாலாய் மடித்த ஒரு கடதாசி இருக்கும். யாழ்ப்பாணத்தில், வலிகாமம் வடக்கில், அவருக்கு ஆறு பரப்புக் காணி; பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். அதன் உறுதியின், அதாவது காணிப்பத்திரத்தின், போட்டோப்பிரதி அது. 1990இலிருந்து அந்தக் காணி இராணுவத்தின் முட்கம்பிக்குள் கிடந்தது. "சண்டை முடிஞ்ச உடனை போய் வேலி அடைக்கவேணும்" என்று இருபது வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். 2009 மே மாதம் எல்லாம் முடிந்தது. எங்கள் சனம் கொஞ்சக் காலம் ஒருவர் முகத்தை ஒருவர் நேரே பார்க்கவில்லை. முட்கம்பி நின்ற இடத்திலேயே நின்றது. அந்த வருடம் முழுக்க அவர் காணி என்ற சொல்லையே எடுக்கவில்லை.

2010 மார்ச்சில் ஒருநாள் வேலை முடிந்து நேரே என் மேசைக்கு வந்தார். பத்திரிகையில் வெட்டிய சிறு துண்டொன்றை முன்னால் வைத்தார்.

"ரீச்சர், இதை ஒருக்கா வடிவா வாசியுங்கோ."

விற்பனை விளம்பரம். பிரான்சின் மேற்கே, பார்த்தெனே என்ற சிறு நகரத்துக்கு அப்பால் ஒரு கிராமம். கல்வீடு, மாட்டுக்கொட்டில், பதினான்கு ஹெக்டேர் நிலம். புல்வெளி, குளம், காட்டுத்துண்டு. வேட்டை, மீன்பிடி, மேய்ச்சல்.

"வேட்டை எண்டு போட்டிருக்கு. நாங்கள் வேட்டையாடாட்டில் காணியைப் பறிச்சுப்போடுவாங்களோ?"

"இல்லை அண்ணை. ஆடலாம் எண்டுதான் போட்டிருக்கினம். ஆடத்தான் வேணும் எண்டு இல்லை."

"மீனும் அப்பிடியோ?"

"மீனும் அப்பிடித்தான்."

அவர் என் மேசையில் இருந்த கணக்குப் பொறியை எடுத்து ஹெக்டேரைப் பரப்பாக்கினார். இரண்டு தரம் அழுத்திப் பார்த்தார். ஐந்நூற்றைம்பது பரப்புக்கு மேல் வந்தது. ஊரில் நாலு பரப்பு இருந்தால் பெண்ணுக்குச் சீதனம், பத்துப் பரப்பு இருந்தால் பெரிய மனிதன். அவர் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விலை, திரான்சியில் இரண்டு அறை வீடு வாங்கும் விலைக்குக் குறைவு. அது ஏன் குறைவு என்று கேட்கத்தான் தோன்றவில்லை, எனக்கும்தான்.

ஏப்ரலில் வாடகை வான் வண்டி ஒன்றில் பார்க்கப் போனோம். சுபாங்கிக்குப் பரீட்சை என்பதால் மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப்போனார்கள். கோசலை புட்டும் முட்டைப்பொரியலும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். "காட்டுக்குப் போறம், அங்கை என்ன கிடைக்குமோ" என்று வழி நீளச் சொல்லிக்கொண்டு வந்தாள். பெருந்தெருவை விட்டு உள்ளே திரும்பியதும் அண்ணை வானை ஓரமாக நிறுத்தச் சொன்னார். இறங்கி நின்றார்.

"இஞ்சை பாருங்கோ. வேலி."

உண்மைதான். அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு புல்வெளிக்கும் நாலு புறமும் உயிர்வேலி. முள்மரமும் ஓக்கும் காட்டுக்கொடியும் பின்னிக்கொண்டு ஆள் உயரத்துக்கு நிற்கும். கிளுவையும் பூவரசும் இல்லாத குறைதான். பாரிசில் இருபத்து மூன்று வருடமாக அவரை எனக்குத் தெரியும். அவர் பல்லுத் தெரியச் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்து ஆள் காணி வாங்கினால் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுமுன் வேலியைப் பார்ப்பார். கதியால் என்று நாங்கள் சொல்லும் வேலிமரம் ஒரு முழம் தள்ளி நட்டதற்காக மூன்று தலைமுறை வழக்காடிய குடும்பங்கள் எனக்குத் தெரியும். அதே வேலியில்தான் பொட்டும் இருக்கும். பொட்டு என்பது அயல்வீட்டுக்குக் குனிந்து போய்வர வேலியில் விடுகிற ஓட்டை. உப்பும் நெருப்பும் ஊர்க்கதையும் அதால்தான் போய்வரும். ஒருநாள் அந்தப் பொட்டை ஒருவர் அடைத்தால் உறவு முறிந்தது என்று பொருள். அதற்குமேல் வாயால் ஒரு சொல்லும் தேவையில்லை.

காணிக்குச் சொந்தக்காரி ஆலீஸ் என்ற விதவை. எழுபதைத் தாண்டியவர், முழங்கால் வரை இறப்பர்ச் சப்பாத்து. நாந்த் நகரத்தில் மகளோடு போய் இருக்கப்போகிறார். எங்களைச் சுற்றிக் காட்டினார். குளத்தில் மீன் உண்டு, அணைக்கதவை வருடத்துக்கு ஒருமுறை திறக்கவேண்டும் என்றார். காட்டுத்துண்டில் பன்றி வரும், இலையுதிர் காலத்து ஞாயிறுகளில் ஊர் வேட்டைக்காரர்கள் வந்து கலைப்பார்கள் என்றார். கடைசியில் வடக்கு வேலிக்குக் கூட்டிப்போனார். அங்கே வேலியில் இரண்டு மாடு சேர்ந்து நுழையக்கூடிய ஒரு பொட்டு. நிலம் குளம்புபட்டுச் சேறாய்க் கிடந்தது.

அந்த இடத்தில் ஆலீஸ் நின்று நிதானமாகப் பேசினார். அயலில் தியரி என்று ஒருவர், மாடு வளர்ப்பவர். எழுபத்தாறாம் ஆண்டு பெருவரட்சியில் தியரியின் அப்பாவுடைய மாடுகள் தண்ணீர் இல்லாமல் விழத் தொடங்கியபோது, ஆலீஸின் கணவர் தன் கையாலேயே இந்த வேலியை வெட்டித் திறந்தாராம். அன்றிலிருந்து அவர்களின் மாடுகள் இதால் வந்து குளத்தில் குடிக்கும், புல்வெளியையும் மேயும். அதற்கு ஈடாக ஒவ்வொரு மாரிக்காலமும் தியரி வீட்டார் இந்தக் காணியின் வேலி முழுவதையும் வெட்டிக் கொடுப்பார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை. "ஐயாவும் இதை இப்படியே விடுவார்தானே? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்" என்றார்.

அண்ணை என்னைப் பார்த்தார். "என்னவாம்?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். முட்கம்பிக்கு இருபது வருடம் காத்திருந்த மனிதர். அயலானுக்கு இந்தக் காணிக்குள் வழி உண்டு என்று சொன்னால் அந்தச் சிரிப்பு அப்படியே அணைந்துவிடும், வானில் ஏறிவிடுவார் என்று எனக்குத் தெரியும். அது என்ன, மாடு தண்ணி குடிக்கிற விஷயம். சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுப்பானேன்? வாங்கி, இருந்து, பழகினால் தானாகச் சரிவரும் என்று நினைத்தேன்.

"வேலியை ஒவ்வொரு மாரிக்கும் வெட்டவேணுமாம் அண்ணை" என்றேன்.

"ஓம், ஓம். வெட்டத்தானே வேணும்" என்று அவர் ஆலீஸைப் பார்த்து நன்றாகத் தலையாட்டினார். ஆலீஸின் முகம் தெளிந்தது. அவருடைய வலக்கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார்.

செப்டெம்பரில் நொத்தேர் என்ற பத்திரப் பதிவாளர் முன்னால் கையெழுத்தாயிற்று. அதற்கு முன் விவசாய நிலங்களைக் கவனிக்கும் அலுவலகம் விரும்பினால் விற்பனையைத் தடுப்பதற்கு இரண்டு மாதத் தவணை கொடுக்கவேண்டும் என்று சட்டம். அந்த இரண்டு மாதமும் அண்ணை சரியாகச் சாப்பிடவில்லை என்று கோசலை சொன்னாள். தடை ஒன்றும் வரவில்லை. கையில் கிடைத்த காணிப்பத்திரத்தைப் பார்த்தவருக்கு ஒரே ஏமாற்றம்.

"என்ன ரீச்சர், பி இருநூற்றுப் பன்னிரண்டு, பி இருநூற்றுப் பதின்மூன்று எண்டு நம்பர்தானே போட்டுக் கிடக்கு. அயலிலை ஆர் ஆர் எண்டு இல்லையே."

"இஞ்சை அப்பிடித்தான் அண்ணை. நம்பர் காணும்."

அடுத்த வருடம் மே மாதம், நாலுநாள் விடுமுறை ஒன்றில், திரான்சியிலும் பொண்டியிலும் இருந்து இரண்டு வான் நிறைய மைத்துனர்களும் மருமக்களும் போனார்கள். கட்டை, கம்பி, சுத்தியல், ஆட்டுக்கறி, பெரிய சட்டி. நாலு நாளில் ஐந்நூற்றைம்பது பரப்பின் வேலியையும் சுற்றி வந்து கண்ட கண்ட ஓட்டையெல்லாம் அடைத்தார்கள். வடக்குப் பொட்டுக்கு மூன்று வரி முட்கம்பி. திரும்பி வரும்போது நான் எழுதிக்கொடுத்த பலகையையும் கேற்றில் தொங்கவிட்டார்கள். வேட்டையாடத் தடை. அதை எழுதும்போது எழுத்து வடிவாக வந்ததில் எனக்குக் கொஞ்சம் திருப்தி கூட இருந்தது.

ஜூனில் கடிதம் வந்தது. தியரி எழுதியிருந்தார். மரியாதையான கடிதம். எழுபத்தாறாம் ஆண்டுக் கதை முழுவதும் அதில் இருந்தது. வெயில் கூடுகிறது, மாடுகளுக்குத் தண்ணீர் வேண்டும், தவறுதலாக அடைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன் என்று இருந்தது. அதன் கீழே ஒரு வரி: நீங்கள் கை கொடுத்து வாக்குத் தந்ததாக ஆலீஸ் அம்மா சொன்னார்.

நான் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அந்த ஒரு வரியை மட்டும் வாசிக்கவில்லை. வாசித்தால் என் வண்டவாளம் வெளியே வந்துவிடும்.

அண்ணை கடிதத்தை வாங்கி, வாசிக்கத் தெரிந்தவர்போல மேலும் கீழும் பார்த்தார்.

"இப்பிடித்தான் தொடங்கும் ரீச்சர். முதல்ல மாடு வரும். பிறகு மாட்டைப் பாக்க மனுசர் வரும். பத்து வருசம் நடந்தால் பாதை எண்டுவாங்கள். நான் ஒருக்கா விட்டுக் குடுத்திட்டு இருபது வருசமாப் பாத்துக்கொண்டு நிக்கிறன். இல்லை எண்டு எழுதுங்கோ."

சூடு கண்ட பூனை. அதை நான் குறைசொல்ல மாட்டேன். அன்றைக்கு என் வாயைத் திறந்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். நான் பேனையை எடுத்து, இலக்கணப் பிழை ஒன்றும் இல்லாமல், இல்லை என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு அந்தக் காணி அவருக்கு எப்படி வாய்த்தது என்பதை லா சப்பல் முழுக்கச் சிரித்துச் சிரித்துக் கேட்டது. ஒவ்வொரு ஓகஸ்டும் போனார். பலகையைப் பார்த்த வேட்டைக்காரர்கள் அந்தப் பக்கம் வரவில்லை. பன்றிகள் வந்தன. அவர் நட்ட உருளைக்கிழங்கு, பூசணி, மிளகாய்க் கன்று எல்லாவற்றையும் ஓரிரவில் கிண்டிப் போட்டுவிட்டுப் போயின. மாடு மேயாத புல்வெளியில் இரண்டு வருடத்தில் இடுப்பளவு முள்ளுப்பற்றை. அணைக்கதவு இறுகிப்போனது, அதைத் திறக்கும் வகை ஊரில் தெரிந்தவர்களிடம் கேட்கப்போனால் முகத்தைத் திருப்பினார்கள். தேங்கிப் பழுதான தண்ணீரில் பிடித்த மீனைப் பெட்டியில் ஐஸ் போட்டுப் பாரிசுக்குக் கொண்டுவந்து எங்கள் எல்லோருக்கும் பங்கிட்டார். கோசலை புளியை இரண்டு மடங்கு விட்டும் சேற்று மணம் போகவில்லை. நான் அவருக்குத் தெரியாமல் என் பங்கைக் குப்பையில் போட்டேன்.

"பாண் கடைக்காரி காசை வாங்கிக்கொண்டு பாணைத் தாறாள், ஒரு பொன்ஜூர் இல்லை" என்று ஊர்ப் பேக்கரிக்காரியைப் பற்றிக் கோசலை ஒருநாள் என்னிடம் சொன்னாள். "நாங்கள் கறுப்பெண்டு பாக்கிறாளவை போலை."

"அப்பிடித்தான் இருக்கும்" என்றேன். இதைச் சொன்னதற்காகத்தான் நான் அதிகம் வெட்கப்படுகிறேன். அந்த ஊர்ச் சனத்தில் அப்படிப்பட்டவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் அவர்கள் முகம் திருப்பியது வாக்குக் கொடுத்து மீறிய ஒரு மனிதனிடமிருந்து. அது எனக்குத் தெரியும், அந்த மனிதனுக்குத் தெரியாது.

2018இல் அவருடைய ஊர்ப்பக்கம் காணிகளில் ஒரு பகுதியை இராணுவத்தார் விட்டார்கள். அவருடைய ஆறு பரப்பும் அதற்குள் வந்தது. செய்தி வந்த அன்றே என் மேசைக்கு வந்தார். எட்டு வருடத்துக்கு முன் வந்தபோது இருந்த அதே வேகம்.

"ரீச்சர், அந்தக் காட்டை விக்கிறதுக்கு ஒரு விளம்பரம் எழுதுங்கோ. சொந்தக் காணி வந்திட்டுது. இனி எனக்கு இது என்னத்துக்கு? அங்கை போய் ஒரு வீடு கட்டினாக் காணும்."

எழுதினேன். கல்வீடு, கொட்டில், பதினான்கு ஹெக்டேர். வேட்டை, மீன்பிடி, மேய்ச்சல். வேட்டையைத் தடுத்த பலகை என் கையெழுத்து, மேய்ச்சலைத் தடுத்த கடிதமும் என் கையெழுத்து. அந்த மூன்று சொல்லையும் எழுத எனக்குக் கை கூசியது. ஊருக்குப் போய் வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்றார். விளம்பரத்தை மேசை லாச்சியில் வைத்தேன்.

ஆறு கிழமை கழித்துத் திரும்பி வந்தார். மெலிந்து கறுத்திருந்தார். கதிரையில் அமர்ந்து, சட்டைப்பையிலிருந்து அந்த உறுதிப் பிரதியை எடுத்து விரித்தார்.

"கண்டுபிடிக்க முடியேல்லை ரீச்சர்."

"எதை அண்ணை?"

"என்ரை காணியை."

வீடு இல்லை, கிணறு இல்லை, வேலி இல்லை, ஒரு பூவரசு இல்லை. புல்டோசர் போட்டு வெட்டவெளியாக்கியிருந்ததாம். இருபது பேர் கையில் உறுதியோடு வெயிலில் நின்று, எது யாருடையது என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். அவர் விரலை வைத்துக் காட்டினார். எங்கள் உறுதிகளில் எல்லையை எப்படி எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரிந்ததுதான், ஆனால் அன்றைக்குப் போல நான் அதை வாசித்ததில்லை. வடக்கு: நாகமுத்து பெண்சாதி தெய்வானைப்பிள்ளை காணி. கிழக்கு: ஒழுங்கை. தெற்கு: சின்னப்பு வேலுப்பிள்ளை காணி. மேற்கு: அம்பலவி மகன் காணி.

"தெய்வானைப்பிள்ளையாச்சி வன்னியிலை செத்துப்போனா. பிள்ளையளும் இல்லை. வேலுப்பிள்ளையின்ரை ஆக்கள் கனடாவாம், ஆருக்கும் விலாசம் தெரியேல்லை. அம்பலவி வீட்டாரை ஒருத்தருக்கும் நினைவில்லை. சேவையர் கேக்கிறான், ஐயா உங்கடை அயலட்டையிலை ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வாருங்கோ, அவை சொன்னால் நான் அளந்து தாறன் எண்டு. நான் ஆரைக் கூட்டிக்கொண்டு போறது?"

கடையின் முன்பக்கம் யாரோ தொலைபேசி அட்டை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் உறுதியை மடிக்காமல் அதைப் பார்த்தபடியே இருந்தார்.

"என்ரை ஐயா அந்தத் தெய்வானையாச்சியோடை கோவிச்சுப் பொட்டை அடைச்சவர், எனக்குப் பத்து வயசிருக்கேக்கை. என்னத்துக்குக் கோவிச்சவை எண்டுகூட எனக்குத் தெரியாது. பிறகு திறக்கேல்லை. அந்தக் கிழவியின்ரை ஒரு பிள்ளையைத் தெரிஞ்சிருந்தாலும்..." என்று நிறுத்திவிட்டு, "ரீச்சர், அந்தத் தியரி எழுதின கடிதம் உங்களிட்டை இருக்கோ?" என்று கேட்டார்.

இருந்தது. நான் ஒரு கடிதத்தையும் எறிவதில்லை.

"திரும்ப வாசியுங்கோ. முழுக்க."

வாசித்தேன். இந்தத் தடவை அந்த வரியையும் வாசித்தேன். வாசித்து முடித்து, நிமிராமலே, ஆலீஸ் அந்தப் பொட்டடியில் நின்று கேட்டதையும் நான் அதைச் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன்.

அவர் தன் வலக்கையைப் பார்த்தார்.

"அந்த மனிசி கையைப் பிடிச்சது எனக்கு ஞாபகம் இருக்கு. இருந்த வீட்டை விட்டுப் போற கவலையிலை பிடிக்குது எண்டு நினைச்சன்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை."

"ஏழு வருசம் என்னை வாக்கு மாறின ஆளாக்கிப் போட்டியள் ரீச்சர். அந்த ஊருக்குள்ளை நான் தலை நிமித்திக்கொண்டு வேறை நடந்தனான்."

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். உறுதியையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாள் கோசலை வந்தாள். கதிரையில் இருக்கவில்லை. "அந்தாள் என்ரை பேச்சைக் கூட நம்பாது, உங்கடை பேச்சை நம்பினது" என்று மட்டும் சொன்னாள்.

அதன்பிறகு அவர் என் மேசைக்கு வரவில்லை. நடந்ததை எல்லாம் நான் கோசலை வாயாலும் சுபாங்கி வாயாலும்தான் கேட்டேன். அந்தப் பிள்ளைதான் அப்பாவுக்காக ஆலீஸிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினாள். ஆலீஸின் மகளிடமிருந்து பதில் வந்தது, அம்மா நாலு வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார் என்று. அந்த மன்னிப்பைக் கேட்க இனி ஆளில்லை. நான் அதைக் கேட்ட அன்று பூசைக்குப் போய் அவர் பெயருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். வேறு என்ன செய்ய?

நவம்பரில் அண்ணை தனியே போனார். பலகையைக் கழற்றினார். வடக்குப் பொட்டின் மூன்று வரி முட்கம்பியையும் கட்டைகளையும் ஒரு பகல் முழுக்க நின்று பிடுங்கினார். ஏழு வருடத்து முள், கை முழுக்கக் கிழித்திருந்ததாம். பிறகு குளக்கரையில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார்.

ஒரு மாடும் வரவில்லை. தியரி எப்போதோ குழாய் இழுத்துத் தன் புல்வெளியிலேயே தொட்டி கட்டிவிட்டார். மாடுகள் பொட்டுக்கு அந்தப் பக்கம் நின்று இவரைப் பார்த்தன, மேய்ந்தன, போயின. மூன்று நாள் இருந்துவிட்டு, நாலாம் நாள் வேலைக்குத் திரும்பிவிட்டார். டிசம்பரில் இரண்டு நாள், ஜனவரியில் இரண்டு நாள் போனார். கோசலைக்கு எரிச்சல். "அடைக்கேக்கை ஊரைக் கூட்டிக்கொண்டு போனவர், திறந்துபோட்டுத் தனியப் போய்க் குந்திக்கொண்டிருக்கிறார்" என்றாள். ஆனால் ஜனவரியில் அவளும் கூடப் போனாள்.

அந்த ஜனவரியில்தான் அது நடந்தது. காலையில் கோப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது வேலிப்பக்கம் சத்தம் கேட்டதாம். போய்ப் பார்த்தால் தியரி. அறுபது வயது ஆள், பச்சை மேலங்கி, கையில் வேலி வெட்டும் நீட்டுக் கத்தி. பொட்டால் உள்ளே வந்து, இந்தப் பக்கத்து வேலியை வெட்டிக்கொண்டிருந்தார். தலையை ஒருமுறை அசைத்துவிட்டுத் தொடர்ந்து வெட்டினாராம். அண்ணை கொட்டிலில் இருந்த கத்தியை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்று வெட்டத் தொடங்கினார். மத்தியானம் கோசலை சோறும் கோழிக்கறியும் கொண்டுபோய்க் கொடுத்தாள். உறைப்பில் தியரிக்குக் கண்ணால் தண்ணீர் ஓடியதாம், சோற்றுக் கோப்பையை வழித்துவிட்டுத்தான் கொடுத்தாராம். இதைச் சொல்லும்போது கோசலை என் மேசைக் கதிரையில் இருந்தாள். அதை நான் கவனித்தேன்.

2019 மார்ச்சில் இராஜதுரையண்ணை வந்தார். "இருங்கோ அண்ணை" என்றேன். இருந்தார்.

"அந்த விளம்பரம் வைச்சிருக்கிறியளோ?"

லாச்சியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக் கிழித்து என் குப்பைக்கூடையில் போட்டார்.

"இப்ப வேறை ஒண்டு எழுதுங்கோ. நான் சொல்லச் சொல்ல. எங்கடை முறையிலை, பிரெஞ்சிலை."

அவர் சொன்னார், நான் எழுதினேன். இராஜதுரை கோசலை ஆகியோருக்குச் சொந்தமான காணியின் எல்லைகள். வடக்கு: தியரியின் மேய்ச்சல் நிலம். கிழக்கு: ஊர்த் தெரு. தெற்கு: ஷார்லோத் என்பவரின் சோளக்காணி. மேற்கு: ஓடைக்கு அப்பால் அல்பிரட்டின் காடு.

"அண்ணை, இது இஞ்சை சட்டத்துக்கு ஒண்டுக்கும் உதவாது. நம்பர்தான் செல்லும்" என்றேன். இந்த முறை தெரிந்ததைச் சொல்லிவிடுவது என்று இருந்தேன்.

"தெரியும். சட்டத்துக்கு இல்லை. நாளைக்கு எல்லாத்தையும் வழிச்சுத் துடைச்சாலும், இது இராஜதுரையின்ரை எண்டு சொல்ல நாலு பக்கமும் ஆள் இருக்கவேணும். அவை கையெழுத்து வைப்பினமோ எண்டு கேக்கப்போறன்."

இரண்டு கிழமையில் கடதாசி திரும்பி வந்தது. ஷார்லோத் சிரித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாராம். அல்பிரட் இது என்னத்துக்கு என்று மூன்று தரம் கேட்டுவிட்டுப் போட்டாராம். தியரி ஒன்றும் கேட்கவில்லையாம், ஆனால் கையெழுத்துக்கு மேலே பேனையால் தானாக ஏதோ ஒரு வரி எழுதியிருக்கிறார், அது என்ன என்று தெரியவேண்டும் என்று அண்ணை கடதாசியை என் முன்னால் வைத்தார். சுபாங்கியிடம் ஏன் கேட்கவில்லை என்று நான் கேட்கவில்லை. அவர் என்னிடம் கொண்டுவந்திருந்தார், எனக்கு அது போதும்.

தலைப்பிலிருந்து தொடங்கினேன். எல்லைகள், பெயர்கள், திகதி. பிறகு தியரியின் கோணல் எழுத்தில் இருந்த வரியைத் தமிழில் சொன்னேன்.

"வடக்கு வேலியில் தண்ணீருக்கு ஒரு வழி உண்டு. அது இரண்டு பக்கத்தாருக்கும் பொது. அதைத் திறந்துவைத்தவர்கள் ஆலீஸின் கணவரும் இராஜதுரையும்."

அவர் கடதாசியை வாங்கவில்லை.

"ஒண்டும் விடேல்லையே ரீச்சர்?"

"இல்லை அண்ணை."

"திரும்ப ஒருக்கா."

நான் கடதாசியை அவர் பக்கம் திருப்பி, ஒவ்வொரு சொல்லுக்குக் கீழும் விரலை வைத்து, முதலிலிருந்து வாசித்தேன்.